ஆடு மலடில்லை, குட்டி பால் குடிக்குது!

குட்டி போட்டு இரண்டு மாதமாகியும் ஆடு பருவத்துக்கு வரவில்லையா? 'மலடாயிடுச்சு' என்று கறிக்கடைக்காரரிடம் விலை பேசிவிடாதீர்கள்.

குட்டி மடியை முட்டி முட்டிப் பால் குடிக்கும்போது, தாயின் உடலில் புரோலாக்டின் ஹார்மோன் கூடுகிறது. சூலகத்தைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் சுரப்பு மந்தமாகிறது. கருமுட்டை முதிர்ந்து வெளிவராது. பருவ அறிகுறியும் தெரியாது. பச்சை உடம்புக்கு இயற்கை தரும் ஓய்வு இது. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் இப்படித்தான்!

விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து கன்னி ஆடு அடிக்கடி இரட்டைக் குட்டி போடும். இரண்டுக்கும் பால் கொடுத்து, மேய்ச்சலும் வறண்டிருந்தால் தாய் எலும்பும் தோலுமாகிவிடும். உடம்பு தேறாமல் சூலகம் விழிக்காது. குட்டியைக் குறை சொல்வதற்கு முன் தீவனத் தொட்டியைப் பாருங்கள் என்பேன்.

ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். 2 வருடத்தில் 3 ஈத்து வேண்டுமென்றால், குட்டி போட்ட 3 மாதத்தில் மறுபடி சினை பிடிக்க வேண்டும். அதனால் பால் கொடுக்கும்போதே அடர்தீவனம், தாது உப்பு கொடுங்கள். குட்டிகள் நன்றாகத் தழை கடிக்க ஆரம்பித்ததும், மூன்றாம் மாதத்தில் பாலை மறக்கடியுங்கள்.

வாலை ஆட்டிக்கொண்டு ஓயாமல் கத்தினால் கிடாவிடம் விடுங்கள். தவறவிட்டால் சுமார் 21 நாளில் மறுபடி பருவம் வரும். பால் மறந்த பிறகும் வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விற்பதை அப்புறம் யோசிக்கலாம்.