தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

சாரல் அடிக்கும் நாளில் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் நிற்பவருக்கு சைபீரியன் ஹஸ்கி வளர்க்கலாம் என்ற ஆசை வந்தால் வியப்பில்லை. ஆனால் அந்தக் குளிர் ஆனி, ஆடி, மிஞ்சினால் ஆவணி வரைக்கும்தான். பனியில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த, அடுக்கடுக்கான ரோமம் கொண்ட அந்த நாய் சித்திரை வெயிலையும் தென்காசியில்தான் கழித்தாக வேண்டும். பக் இனத்தின் கதையும் இதுதான். 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடி, நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது அது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையான பக்குக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு இழுக்கும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் தமிழக அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட சில இனங்கள் இங்கே வேண்டாம் என்றது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு எப்படி முடிந்தாலும், நம் வீட்டுக்கு எந்தக் குட்டி வர வேண்டும் என்பதை முடிவு செய்ய நமக்குத் தீர்ப்பு தேவையில்லை.

இன்று குட்டி வாங்குவது கைப்பேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பும் வேலையாகிவிட்டது. அட்டைப்பெட்டியில் அடைபட்டு இரவுப் பேருந்தில் குட்டி வந்து இறங்குகிறது. அதன் தாய் எப்படி இருக்கும், எத்தனை ஈற்று ஈன்றது, எந்தக் கூண்டில் கிடக்கிறது என்பதை வாங்குபவர் கேட்பதில்லை. நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இன் மத்திய விதிகள் சொல்கின்றன. விற்பவரிடம் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பினால் அங்கே வாங்க வேண்டாம்.

நல்ல சாதி நாய்தான் வேண்டும் என்பவர் அதிக தூரம் போக வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டினால் ராஜபாளையம். சுமார் 60 கிலோமீட்டர். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று அந்த ஊர் நாய்க்கு. சிப்பிப்பாறையும் கன்னியும் தென் மாவட்டத்துச் சொத்துகளே. நேரில் போய், தாயைப் பார்த்து, அது ஆளைக் கண்டு மிரளுகிறதா என்று கவனித்து வாங்கலாம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு; குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் இவை காட்டிலும் கரட்டிலும் ஓடி வேட்டையாடிய இனங்கள். ஒன்றரை சென்ட் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கட்டிப்போட சிப்பிப்பாறை வாங்குவதை விட, வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற குட்டி அவர்கள் தெருவிலேயே இருக்கிறது என்பதே நம் கருத்து. அதன் தாயைத் தெருவே அறியும்: யாரைக் கண்டால் குரைக்கும், பிள்ளைகளிடம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. இந்த மண்ணின் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம். கடுவன் குட்டியை யாராவது தூக்கிப் போய்விடுகிறார்கள். பெட்டைகள்தான் சாக்கடையோரம் மிஞ்சுகின்றன. அடுத்த ஆண்டு அவையே குட்டி போடுகின்றன. பெட்டை நன்றாகக் காவல் காக்காது என்பது வெறும் பேச்சு. கருத்தடை செய்துவிட்டால் குட்டித் தொல்லையும் இல்லை.

தெரு நாய் என்றதும் வெறிநோய் பயம் வருகிறது. பயப்பட வேண்டிய நோய்தான். அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அரிது. குட்டி கடித்தாலும் நகம் கீறினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய குட்டிக்கும் இதே விதிதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும்படி தொடர்ந்தால் எந்தக் குட்டியும் வீட்டுக்குப் பாதுகாப்பானதே.

டெல்லி தெரு நாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றது. தென்காசியில் அப்படி ஒருவர் கிளம்பினால் எந்த மேசையில், எந்தப் படிவத்தைக் கொடுப்பார்? தென்காசி, செங்கோட்டை நகராட்சிகளும் குற்றாலம் பேரூராட்சியும் கால்நடைப் பராமரிப்புத் துறையுடன் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது தத்து முகாம் நடத்த வேண்டும். அங்கேயே தடுப்பூசி, அங்கேயே பதிவு, பெட்டைக் குட்டிக்குப் பருவம் வந்ததும் இலவசக் கருத்தடைக்கான சீட்டு. ஒரு முகாம் சீசன் முடிந்த கையோடு நடக்கட்டும். அருவிக்கரைக் கடைகளின் மிச்சத்தில் வளர்ந்த குட்டிகள் தீனி தேடி அலையத் தொடங்குவது அப்போதுதான்.