பொய்யை நம்பி உரிமை கேட்க முடியாது



ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாலு பேரைச் சந்தித்தால், ஒருவராவது கைப்பேசியை நீட்டி, "இதைப் படிச்சீங்களா சார்? நம்ம ஆளுங்களை எப்படி நடத்துறாங்க பாருங்க" என்கிறார். வாங்கிப் படிக்கிறேன். எழுதியவர் பெயர் இல்லை. தேதி இல்லை. எந்த இடத்தில் நடந்தது என்பதும் இல்லை. கோபம் மட்டும் தாராளமாக இருக்கிறது. ஒரு வழக்கை இப்படி எழுதிக்கொண்டு வந்தால் எந்த வழக்கறிஞரும் கையில் வாங்க மாட்டார். அரசியல் என்று வரும்போது மட்டும் நாம் ஏன் இதை ஏற்றுக்கொள்கிறோம்?

இணையத்தில் யாரோ எதையோ எழுதினால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் நமக்குத்தான். நம் தெருவில் நடந்த ஒரு சம்பவமே அதற்குச் சாட்சி.

2015 பிப்ரவரி 3, தைப்பூச நாள். சிராங்கூன் சாலையில் காவடியோடு மேளம் அடித்ததைப் போலீசார் நிறுத்தச் சொல்ல, தகராறு ஏற்பட்டது. மூன்று பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அன்று நம் மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது. "சிங்க நடனத்துக்கு முரசு அடிக்கலாம், முருகன் காவடிக்கு அடிக்கக் கூடாதா?" தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 1964 இனக்கலவரத்துக்குப் பிறகு சமய ஊர்வலங்களுக்கே கட்டுப்பாடு உண்டு, தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளித்திருக்கிறோம் என்றது அரசாங்கம். இந்தப் பதிலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அது உண்மைகளை வைத்து வாதாடக்கூடிய விவகாரம்.

அந்த நேரத்தில்தான் 'தி ரியல் சிங்கப்பூர்' என்ற இணையத்தளம் ஒரு கட்டுரை வெளியிட்டது. மேளச் சத்தத்தால் தங்கள் குழந்தை அவதிப்படுவதாக ஒரு பிலிப்பினோ குடும்பம் புகார் செய்ததால்தான் தகராறு வந்தது என்றது அந்தக் கட்டுரை. அது பொய். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை நம்பினோம், எத்தனை பேருக்கு அனுப்பினோம்! 42 வருடத் தடையைப் பற்றிய கேள்வி காணாமல் போய், பிலிப்பினோக்கள் மீதான வசையாக அது மாறியது.

அந்த ஆண்டு மே மாதம் தளத்தை மூட உத்தரவு வந்தது. அதை நடத்திய தம்பதியர் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் 2016ல் சிறைக்குப் போனார்கள். ஒருவருக்கு 10 மாதம், மற்றவருக்கு 8 மாதம். அந்தத் தளம் 2013 டிசம்பர் முதல் 2015 ஏப்ரல் வரை விளம்பரத்தில் ஈட்டியது 4 லட்சத்து 70 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். நம் கோபத்தை ஒருவர் காசாக்கினார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நட்டம் அதோடு நிற்கவில்லை. 2013 டிசம்பர் 8ல் ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு தமிழக ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அப்போது இணையத்தில் நம்மைப் பற்றி என்னவெல்லாம் எழுதினார்கள்? வெளிநாட்டினர்மீது வெறுப்பைக் கொட்ட வேண்டாம் என்று பிரதமரே சொல்லவேண்டி வந்தது. அதைப் படித்து மனம் நொந்த நாம், 14 மாதத்தில் அதே வேலையை இன்னொரு சமூகத்தின்மீது செய்தோம். அவர்களிலும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்து உழைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு நட்டமும் உண்டு. பொய்ச்செய்திகள் பற்றி அரசாங்கம் 2018ல் வெளியிட்ட பசுமை அறிக்கையில் இதே சம்பவம் உதாரணமாகக் காட்டப்பட்டது. 2019ல் சட்டம் வந்தது. ஓர் அமைச்சரே திருத்தம் வெளியிடும்படி உத்தரவிடலாம், எழுதியவர் பிறகுதான் நீதிமன்றம் போகமுடியும். அந்தச் சட்டம் இந்த ஒரு கட்டுரையால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆனால் ஒரு பொய், பொறுப்பாக எழுதுபவர்களின் வாயையும் அடைக்க வழி செய்து கொடுக்கிறது.

சரி, மேளம் என்ன ஆனது? பொறுமையாகப் பேசியவர்களும் முறையாகக் கேட்டவர்களும் அதை விடவில்லை. மூன்று பேர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள். மனு தள்ளுபடியானது. ஆனாலும் இந்து அறக்கட்டளை வாரியத்தோடும் அதிகாரிகளோடும் பேச்சு நடந்தது. 2016 தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாம் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. கிடைத்த அளவும் அந்தப் பொய்க் கட்டுரையால் வந்ததல்ல.

நமக்கென்று நல்ல அரசியல் எழுத்து இருந்ததே இல்லை என்று நினைக்காதீர்கள். 1935ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பதிந்துகொள்ளுங்கள் என்று உழைக்கும் தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார். இன்று நம்மில் பலர் ஓட்டுப் போடுவதற்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது. அவர் எழுத்திலும் கோபம் இருந்தது. ஆனால் படித்தவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் அதில் இருந்தது.

இன்று வருவதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. இனம், மொழி, சமயம் பார்த்து வேலை மறுப்பதற்கு எதிரான சட்டம். ஆனால் 25 ஊழியர்களுக்கும் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. உங்கள் கடையில், உங்கள் மகன் வேலை செய்யும் பட்டறையில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். இந்த விலக்கைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு எத்தனை செய்தி வந்தது? அந்த வாரம் வந்த வசைகள் எத்தனை?

எனவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் யார் சொன்னது, எப்போது, எங்கே, இதனால் யாருக்குக் காசு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும். உங்களுக்கே அநியாயம் நடந்தால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். மற்றவர் மறுக்க முடியாதபடி நம் குறையைச் சொல்ல அந்த ஒரு தாள் உதவும்.

நமக்கு உண்மையான குறைகளே போதுமான அளவு இருக்கின்றன. பொய்க் குறை எதற்கு?