அரசு வெப்சைட்டை யார் கையில் கொடுப்பது? டெண்டரில் கேட்க மறந்த கேள்வி



பட்டா எடுக்கணும், சாதிச் சான்றிதழ் வாங்கணும், ரேஷன் கார்டில் பிள்ளை பெயரைச் சேர்க்கணும் என்று இ-சேவை மையத்துக்குப் போய், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பி வராதவர் நம்மில் யார்? ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கோபம் வரும், மறுநாள் போய் வாங்கிட்டு வந்துடுவோம்.

ஆனா "நாளைக்கு வாங்க" என்றுகூட சொல்ல முடியாத நிலை ஒண்ணு இருக்கு. பதிவே காணோம், எங்கேயும் நகல் இல்லை என்ற நிலை. கணினி மயத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் தென்கொரியா அதைப் பார்த்துவிட்டது.

2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையம். அரசுத் துறைகளின் சர்வர்கள் குவிந்திருக்கும் இடம். ஐந்தாவது மாடி சர்வர் அறையில் இருந்த யு.பி.எஸ். லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி அடித்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சர்வரும் பேட்டரியும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்றுதான் அந்த வேலையே. அந்த வேலையின் நடுவில் தீப்பிடித்தது. 384 பேட்டரி தொகுப்புகள் எரிந்தன. முழுசாக அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆனது.

முதலில் 647 அரசுச் சேவைகள் நின்றன என்று அறிவித்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்து 709 என்றார்கள். தன்னிடம் எத்தனை சேவை ஓடுகிறது என்ற கணக்கே அந்த அரசிடம் சரியாக இல்லை! அவர்களுடைய அறுவடைத் திருநாளான சூசோக் நெருங்கும் நேரம் அது. ஊருக்குப் பார்சல் அனுப்பும் சீசனில் அஞ்சல் துறையின் கணினி படுத்துவிட்டது. சான்றிதழ் வாங்கும் தளம் நின்றது, செல்போன் அடையாள அட்டை நின்றது.

இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. திரும்பி வராத ஒன்று, அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்'. 858 டெராபைட். வெளியே எங்கேயும் நகல் கிடையாது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு வந்த விளக்கம், "அளவு ரொம்பப் பெரிசு". சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் 858 வாங்கினால் அந்த அளவு வந்துவிடும். அரசு அளவிலான பேக்கப்புக்கு அந்த டிஸ்க் சரிப்படாது, அது வேற விஷயம். ஆனால் ஒரு நாட்டின் அரசுக்குத் தூக்க முடியாத சுமையா அது?

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். பக்கத்து வீட்டையே பாருங்க. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவி வேணும்னா பணம் கொடு என்று மிரட்டும் வேலை அது. அரசு மின்னஞ்சல் கணக்குகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த, போன அஞ்சல்கள் காணாமலே போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013-ஆம் ஆண்டு மென்பொருள். பேக்கப் இருந்தது, ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் இணைந்தே இருந்தது. திருடன் வீட்டுக்குள் வந்தான், பீரோவையும் பூட்டினான், மாற்றுச் சாவி தொங்கிய ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போனான்.

டெல்லி எய்ம்ஸ் கதை இன்னும் வலிக்கும். 2022 நவம்பர் 23 காலையில் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்றும் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் நாட்டின் முதல் மருத்துவமனையில் கையால் சீட்டு எழுதி நோயாளியைப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

நம்ம மாநிலமும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்திலேயே பொதுத் துறைக் கணினிகளில் ரான்சம்வேர் புகுந்தது. அதே ஆண்டில் நம்ம ரேஷன் அட்டைதாரர்கள் லட்சக்கணக்கானோரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகவும் செய்தி வந்தது.

இந்த இடத்தில் நம்ம தோழர்கள் சிலர் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "எல்லாத்தையும் அரசே வெச்சுக்கணும், தனியாருக்குக் கொடுக்கக் கூடாது." எதிர்த் தரப்பு, "அரசுக்கு ஒண்ணும் தெரியாது, பெரிய கம்பெனி கிளவுடுல போட்டுடு, தூங்கு" என்பார்கள். இரண்டுமே இந்த விஷயத்தில் உதவாது. டேஜானில் எரிந்தது அரசுக்குச் சொந்தமான மையம். எய்ம்ஸில் பூட்டப்பட்டதும் நிறுவனத்தின் சொந்த சர்வர். தனியார் மட்டும் ஒழுங்கா? 2022 அக்டோபரில் அதே கொரியாவில் ஒரு தனியார் டேட்டா சென்டரில் தீ பிடித்து, நாடே பேசிக்கொள்ளும் 'காக்காவ் டாக்' முடங்கியது. அதைக் கண்முன்னால் பார்த்த அரசுக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது என்பதுதான் கொடுமை.

அரசா தனியாரா என்ற கேள்வி வேறொரு இடத்தில் முக்கியம். அமெரிக்கக் கம்பெனியின் சர்வர் மும்பையில் இருந்தாலும், 2018-இல் அங்கே போட்ட சட்டப்படி அந்நாட்டு நீதிமன்ற உத்தரவு வந்தால் கம்பெனி தன் கையில் உள்ள தரவைக் கொடுக்க வேண்டிவரும். அதனால் நில ஆவணம், மருத்துவப் பதிவு, ஆதார் இணைந்த தரவு போன்றவற்றைப் பூட்டும் சாவி கம்பெனியிடம் இருக்கக் கூடாது, அரசிடம்தான் இருக்கணும். இதில் நமக்குச் சமரசம் இல்லை. ஆனால் திருவிழா அறிவிப்பும் டெண்டர் நோட்டீஸும் போடும் தளத்துக்கு இதே அளவு பதற்றம் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தினால் காசும் வீண், காவலும் வீண்.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய மின்னணு அமைச்சகம் கிளவுட் கம்பெனிகளைத் தணிக்கை செய்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பன்னாட்டுக் கம்பெனிகளும் அதில் உண்டு, தரவு இந்தியாவுக்குள் இருக்கணும் என்பது நிபந்தனை. 1976-இல் தொடங்கிய தேசியத் தகவல் மையம், அதாவது என்.ஐ.சி., சொந்தக் கிளவுடே நடத்துகிறது. நம்ம மாவட்டங்களின் தளங்கள் ஒரே சாயலில் இருப்பதைக் கவனித்திருப்பீங்க, அது என்.ஐ.சி. கொடுக்கும் அச்சு. பார்க்க அலுப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு ஓட்டையை அடைத்தால் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் அடைபடும். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, கணினித் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தேசிய அவசரக் குழுவான செர்ட்-இன்னுக்குச் சொல்லணும். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும்.

அப்புறம் எங்கே இடிக்குது? டெண்டரில்!

சிமெண்ட், ஜல்லி வாங்குவதுபோல ஹோஸ்டிங் வாங்குகிறோம். "இத்தனை கோர், இத்தனை ஜி.பி., 99 சதவீதம் ஓடும்" என்று எழுதி, குறைந்த விலை சொன்னவரை, அதிகாரிகள் பாஷையில் எல்-1, அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து. அந்த 99 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87 மணி நேரத்துக்கு மேல். மூன்றரை நாள் படுத்துக் கிடந்தாலும் ஒப்பந்தப்படி அவர் உத்தமர்! பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலையில் படுத்தாலும் அப்படித்தான். 99.9 என்று எழுதினால் அது 9 மணி நேரத்துக்குள் வரும். ஒரு புள்ளியும் ஒரு ஒன்பதும் போட யாருக்குக் கை வலிக்குது?

அதைவிடப் பெரிய கேள்வியை அந்தத் தாள் பெரும்பாலும் கேட்பதே இல்லை: விழுந்தால் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில், எந்தத் தேதி வரைக்கும் உள்ள தரவோடு எழுப்பிக் கொடுப்பாய்? அதை எங்கள் கண் முன்னால் எப்போது செய்து காட்டுவாய்?

"பேக்கப் இருக்குங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். அந்த நகலை எடுத்து இன்னொரு காலி சர்வரில் ஏற்றி, பட்டா திறக்குதா, பெயர் சரியா வருதா என்று பார்த்தால்தான் அது பேக்கப். தீயணைப்பு ஒத்திகை பள்ளிக்கூடத்திலேயே நடத்துகிறோம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை இந்த ஒத்திகையைச் செய்யாத கம்பெனிக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும், பாதி விலையில் கேட்டு வரும் ஆளெல்லாம் தானாக ஒதுங்கிவிடுவார்.

இரண்டாவது நகல் எங்கே என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு நகல் சிறுசேரியில், இன்னொன்று அம்பத்தூரில் என்றால் தாளில் அது இரண்டு இடம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாமுக்கும் அது ஒரே இடம். கரன்ட் போனால் இரண்டுக்கும் போகும், டீசல் வண்டி இரண்டுக்கும் வராது. வேற மாநிலம் இல்லாவிட்டாலும் கடலோரத்தைத் தாண்டியாவது இருக்கணும். சுமார் 13 லட்சம் பேர் வாழும் எஸ்டோனியா, தன் முக்கியப் பதிவேடுகளின் நகலை லக்சம்பர்க் நாட்டில் ஒரு தூதரகத்துக்குரிய பாதுகாப்போடு வைக்க 2017-இலேயே ஒப்பந்தம் போட்டது. மூன்றாவதாக, வலையமைப்பில் இருந்தே கழற்றி வைத்த ஒரு நகல். இலங்கையில் இல்லாமல் போனது அதுதான்.

ஒப்பந்தம் முடியும்போது என்ன நடக்கும் என்பதையும் முன்னாடியே எழுதணும். கம்பெனியை மாற்றப் போனால், "தரவு எங்க ஃபார்மட்ல இருக்கு, மாத்த தனியா சார்ஜ்" என்று இழுத்தடித்தால் அரசு அவர்களிடமே கைகட்டி நிற்கணும். எத்தனை நாளில், எந்த வடிவத்தில் திருப்பித் தருவாய், அதன் பிறகு உன்னிடம் உள்ளதை அழித்ததற்கு என்ன சான்று? வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட காலி செய்யும் நிபந்தனை எழுதுகிறோம்.

"குறைந்த விலைக்குத்தானே கொடுக்கணும், சட்டம் அப்படி" என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது, கூடுதல் விலைக்குக் கொடுத்தால் நாளைக்குத் தணிக்கைக் குறிப்பு வரும். ஆனால் மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரிலேயே, தரம் முக்கியமான பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுத்து விலையோடு சேர்த்துப் பார்க்க வழி செய்துவிட்டது. மாநில அளவில் அந்த வழி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒத்திகையையும் தூரத்து நகலையும் தகுதி நிபந்தனையாக வைத்துவிட்டு, தேறியவர்களில் குறைந்த விலையைப் பார்க்கலாமே. அப்புறம் எந்தத் தணிக்கை கேட்கும்?

கடைசியா, பெரிய தளங்களைவிட எனக்குப் பயம் சின்னத் தளங்கள் மேல்தான். ஏதோ ஒரு திட்டத்துக்கு ஒரு வெப் டிசைனர் செய்து கொடுத்தது. மலிவு ஹோஸ்டிங், ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள், பக்கத்து வீட்டில் புகுந்தவன் சுவர் ஏறி இங்கேயும் வருவான். டொமைன் பதிவு அந்த டிசைனர் பெயரிலேயே இருக்கும், பாஸ்வேர்டும் அவரிடம். அதிகாரி மாறியதும் யாருக்கும் நினைவில்லை, புதுப்பிக்கவில்லை, அந்த முகவரியை எவனோ வாங்கி ஆன்லைன் சூதாட்டம் ஓட்டுகிறான். அரசு முகவரி என்று நம்பி நம்ம அப்பா அம்மா அதைத்தான் கிளிக் செய்வார்கள். அரசு முகவரியில் இல்லாத அரசுத் தளம் இருக்கவே கூடாது, டொமைன் துறையின் பெயரில் இருக்கணும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

தோழர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் நகராட்சிக்கோ, மாவட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு துறைக்கோ ஆர்.டி.ஐ. போடுங்க. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வரணும். சர்வர் எங்கே இருக்கு, என்ன மென்பொருள் என்றெல்லாம் கேட்காதீங்க. பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள், மறுப்பதும் சரிதான். இப்படிக் கேளுங்க: தளத்தின் டொமைன் யார் பெயரில் பதிவாகியுள்ளது? பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கடைசியாகப் பெற்ற தேதி என்ன? பேக்கப்பில் இருந்து மீட்டுப் பார்த்த ஒத்திகை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? முதல் நகலுக்கும் இரண்டாவது நகலுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்? ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

மூன்றாவது கேள்விக்கு "தகவல் இல்லை" என்று பதில் வந்தால், அதையே எடுத்துக்கொண்டு உங்கள் கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் பாருங்க. அவர் நம்ம கட்சியாக இருந்தாலும் சரி. பதில் நகலை நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸில் அனுப்புங்க, மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். தப்பித்தவறி ஏதாவது பதிலில் பாஸ்வேர்டோ சர்வர் எண்ணோ இருந்துவிட்டால் அதை எங்கேயும் போஸ்ட் பண்ணாதீங்க, முதலில் அந்த அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.