கார்டின் வேகம் அல்ல, பாதையின் வேகம்

டேட்டா சென்டர் கொள்முதல் பட்டியல்களில் 200, 400 கிகாபிட் நெட்வொர்க் அடாப்டர்கள் இன்று வழக்கமாகிவிட்டன. கார்டின் வேகத்தைக் கேட்டு வாங்கும் நாம், அந்த வேகம் சர்வரின் நினைவகம் வரை வந்து சேர்கிறதா என்று அளந்து வாங்குகிறோமா? இந்த இதழின் கேள்வி அதுதான்.

முதல் தடை ஸ்லாட். 16 லேன் கொண்ட பிசிஐஇ 3.0 ஸ்லாட் ஒரு திசையில் ஏறத்தாழ 126 கிகாபிட் தரும்; 4.0 சுமார் 252, 5.0 சுமார் 504. பிசிஐஇ பாக்கெட்டுகளின் தலைப்புச் செலவு போக மிஞ்சுவது இதிலும் குறைவு. ஆகவே 400 கிகாபிட் கார்டுக்கு 5.0 ஸ்லாட்டில் 16 லேனும் வேண்டும். பார்வைக்கு 16 லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் உள்ளே 8 லேன் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கலாம். அப்போதும் கார்டின் விளக்கு எரியும். ஸ்விட்ச் 400 என்றே காட்டும். பாதி வேகத்தில் ஓடுவது எளிதில் கண்ணில் படாது.

இரண்டாவது தடை நேரம். 100 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் சட்டகங்கள் முழு வேகத்தில் வந்தால், நொடிக்கு 14.88 கோடி பாக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைப்பது 6.7 நானோநொடி. நினைவகத்தை ஒருமுறை தொட்டு வரவே அதைப் போலப் பல மடங்கு நேரமாகும். அதனால்தான் வரும் பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும், பெரிய தரவைக் கார்டிலேயே துண்டாக்குவதும் கட்டாயமாயின. கார்டு ஒரு சிபியு சாக்கெட்டிலும் அதைப் பயன்படுத்தும் மென்பொருள் மறு சாக்கெட்டிலும் இருந்தால், இந்த ஏற்பாடுகளின் பலனில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, மிகக் கவலைக்குரியது. சிபியுவை ஈடுபடுத்தாமல் ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து மற்றொன்றுக்குத் தரவை நகர்த்தும் ஆர்டிஎம்ஏ, ஈதர்நெட் மீது ஓடும் வலையமைப்புகளில் பாக்கெட் இழப்பைத் தவிர்க்க, நெரிசலில் சிக்கிய முனை ‘நிறுத்து’ என்று பாஸ் சட்டகங்களை அனுப்பும். கோளாறான ஒரே ஒரு கார்டு இவற்றை இடைவிடாது அனுப்பினால் முழு வலையமைப்பும் முடங்கக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016 சிக்காம் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கினார்கள். கார்டிலும் ஸ்விட்சிலும் கண்காணிப்பு அமைத்து அவர்கள் இதைத் தடுத்தார்கள். கார்டில் பழுதே இல்லாமலும் பாஸ் சட்டகங்கள் கிளம்பலாம் என்று அதே கட்டுரை காட்டியது. 4 கிலோபைட் நினைவகப் பக்கங்களால் கார்டின் முகவரி அட்டவணை நிரம்பித் திணறியது. பக்க அளவை 2 மெகாபைட்டாக உயர்த்தியதும் இந்தத் திணறல் குறைந்தது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய வன்பொருளின் பயனை ஓர் அமைப்பு எண் தீர்மானித்த நிகழ்வு இது.

எனவே ஏற்புச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஸ்லாட் எத்தனை லேனில், எந்தத் தலைமுறையில் இணைந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு சர்வரிலும் பதியுங்கள். பெரிய பாக்கெட்டுகளோடு நிறுத்தாமல் சிறியவற்றையும், இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பி அளவெடுங்கள். இழப்பு, பாஸ் எண்ணிக்கைகளைத் தொடர் கண்காணிப்பில் சேருங்கள். ஃபர்ம்வேர் மாறும்போதெல்லாம் இவற்றைத் திரும்பச் செய்யுங்கள். அளந்து உறுதிசெய்யாத வேகத்துக்கு நம் நிறுவனங்கள் பணம் கொடுக்கக் கூடாது.