நானூறு பேரின் பெயர் எங்கே?

உரோமாபுரி தீப்பற்றி எரிகையில் நீரோ பிடில் வாசித்தான் என்ற கதையைக் கேளாதார் நம்மிடையே இலர். அக்காலத்தில் பிடில் என்னும் வாத்தியமே இருந்ததில்லை. கி.பி. 64இல் தீ மூண்டபோது மன்னன் அந்தியம் நகரில் இருந்தான் என்றும், அவன் பாடினான் என்பது வதந்தி என்றும் தசிற்றஸே எழுதியுள்ளார். வதந்தி நிலைத்துவிட்டது, அவர் எழுதிய வேறொரு செய்தியோ நம் வகுப்பறையை எட்டவேயில்லை.

கி.பி. 61இல் நகராதிபதி பெடானியஸ் செகுந்தஸை அவனுடைய அடிமை ஒருவன் கொன்றான். எசமானன் கொலையுண்டால் அவ்வீட்டு அடிமைகள் அனைவரும் சாகவேண்டும் என்பது பழைய விதி. பெண்களும் குழந்தைகளும் உட்பட நானூறு பேர்! பொதுமக்கள் கற்களும் தீப்பந்தங்களும் ஏந்தித் திரண்டனர். செனற் சபையோ, அச்சமின்றேல் அடிமைகள் அடங்கார் என வாதிட்ட சட்ட அறிஞர் காயஸ் காசியஸின் பக்கம் நின்றது. நீரோ வழிநெடுகப் படைவீரரை நிறுத்தி அத்தீர்ப்பை நிறைவேற்றுவித்தான். ஏடுகளில் தீராப் பகைவராய்க் காட்டப்படும் மன்னனும் சபையும் அன்று ஒரே அணியில் நின்றமையைக் கவனியுங்கள்!

இந்நிகழ்ச்சியை நமக்கு அறியத் தந்தவர் தசிற்றஸ், அந்நன்றியை மறத்தலாகாது. ஆனால், காசியஸின் வாதத்தை நீண்ட சொற்பொழிவாகவே வடித்துத் தந்த அவர், மாண்டவருள் ஒருவர் பெயரையேனும் தந்தாரில்லை. கி.பி. 66இல் திராசியா என்ற செனற்றர் உயிர்விட்ட காட்சியையோ உருக்கத்துடன் தீட்டினார். சினமும் சார்புமின்றி எழுதுவதாகக் கூறியவர் அவர். தனிமனிதர்பால் அவருக்குச் சார்பின்றி இருந்திருக்கலாம், தம் வர்க்கத்தின்பால்? அவரே செனற்றர், கி.பி. 97இல் கொன்சல் பதவி வகித்தவர். பின்வந்த டியோ காசியஸும் செனற்றரே. சுவெற்றோனியஸ் ஹேட்ரியன் மன்னனின் செயலாளர்.

நீரோவுக்காக வழக்குரைப்பது நம் நோக்கமன்று. பெற்ற தாயையே கொல்வித்தவன் அவன். நாம் வினவுவது இதுதான்: செனற்றரைக் கொன்ற மன்னன் கொடுங்கோலன் எனில், நானூறு பேரைக் கொல்லத் தீர்ப்பளித்த சபைக்கு யாது பெயர்?

மன்னரை நல்லவர், தீயவர் என வகுத்து மாணவரை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர், அந்தச் செனற்றர்களின் தராசையே இன்றும் தூக்கிப் பிடிக்கின்றனர். ஏட்டை எரிக்க வேண்டியதில்லை. எழுதியவன் எவ்வணியில் நின்றான் என்று கேட்டுப் படிக்கக் கற்பிப்போம். பெயரற்றோர்க்கு நாம் செய்யத்தக்க முதல் நீதி அதுவே.