ரெடிமேட் பாடமா, அளவெடுத்துத் தைத்த பாடமா?

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு முதலில் எழும் கேள்வி இது: ஆண்டு முழுவதற்குமான புத்தகம், பயிற்சித்தாள், தேர்வுத்தாள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அந்தத் தயார்ப் பாடத்திட்டத்தை வாங்குவதா? அல்லது எதை, எப்போது படிப்பது என்பதைத் தாங்களே வகுத்துக்கொள்வதா? ஒரே பிள்ளை என்றால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சமாளித்துவிடலாம். ஆறு, ஒன்பது, பதினான்கு என்று மூன்று வயதில் மூவர் இருந்தால்தான் சிக்கல்.

"நாங்கள் பள்ளிக்குத்தானே போகிறோம், எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் மூத்த பிள்ளைதான் தம்பி தங்கைகளுக்கு வாத்தியார் ஆனது. கோடை விடுமுறையில் இன்றும் அந்த உத்தியோகம் உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே இது உங்கள் கேள்வியும்தான்.

கணக்குக்குத் தயார்ப் பாடத்திட்டமே நல்லது என்பேன். பின்னம் புரியாதவருக்கு இயற்கணிதம் புரியாது. விகிதம் தெரியாமல் திரிகோணமிதிக்குப் போக முடியாது. இந்தப் படிவரிசையைப் பலர் கூடிப் பல ஆண்டுகள் யோசித்து அமைத்திருக்கிறார்கள். அதை வீட்டில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தாங்களே திட்டமிடும் பெற்றோர் தமக்குப் பிடிக்காத பகுதியை ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடுவதும் உண்டு. கல்லூரியில் என் வகுப்புக்கு வரும் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இயற்பியலில் அல்ல, எப்போதோ விட்டுப்போன கணக்கில்தான்.

ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் பெட்டியே வாங்கினால் என்ன ஆகும்? மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பெட்டிகள், மூன்று கால அட்டவணைகள். நடுவில் ஒரே ஓர் அம்மா. காலையில் ஒருவனுக்குத் தாவரம், ஒருத்திக்குக் காந்தம், மற்றொருவனுக்கு அமிலம். கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. வீட்டில் படிப்பதன் பெரிய லாபமே இப்படிக் கைவிட்டுப் போகிறது.

இன்னொரு குறையும் உண்டு. பெட்டிக்கு ஊர் கிடையாது. வெளியூர்ப் பாடம் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் யூனியன் பிரதேசத்துக்கென்று தனிக் கல்வி வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாஹே கேரளப் பாடத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்தையும் படித்து வந்தன. 2023-24 முதல் அரசுப் பள்ளிகளில் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்துக்கு மாறின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நம் மொட்டைமாடியில் விழும் நிழல் எந்த வாரியத்தையும் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

நிழலையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் குச்சியைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நேர்செங்குத்தாக நடுங்கள். ஏப்ரல் 21-ஐ ஒட்டிய நாளிலும், மீண்டும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிய நாளிலும் உச்சிவேளையில் புதுச்சேரியில் அதற்கு நிழலே இருக்காது. டிசம்பர் 22-ல் சுமார் 71 செ.மீ. நிழல் வடக்கே விழும். ஜூன் 21-லோ சுமார் 20 செ.மீ. நிழல் தெற்கே விழும்! டில்லிப் பிள்ளைகளுக்கு உச்சிவேளை நிழல் ஒருநாளும் மறையாது, தெற்கே திரும்பவும் செய்யாது. அவர்களுடைய ஊர் கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவாக அச்சிட்ட பெட்டி உங்கள் மாடியின் இந்த அதிசயத்துக்கு நாள் குறித்து வைக்காது.

இந்த ஒரு குச்சியில் மூவருக்கும் வேலை இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். ஒன்பது வயதுக்காரி அளந்து அட்டவணை போடட்டும். மார்ச் 21-ல் நிழல் சுமார் 21 செ.மீ. என்று அவள் சொன்னால், பதினான்கு வயதுக்காரன் அதிலிருந்து கோணம் கண்டுபிடிப்பான். சற்றேறக்குறைய 12 டிகிரி வரும். அதுதான் புதுச்சேரியின் அட்சரேகை. "நிழல் ஏன் 12 மணிக்கு மறையாமல், 12 மணி 10 நிமிடத்துக்கு மறைகிறது?" என்று சின்னவன் கேட்டால் பெரியவனுக்கு இன்னொரு கணக்கு கிடைத்துவிடும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே, ஏறக்குறைய 79.8 டிகிரியில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். மீதியைப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே திட்டமிடலாமே என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மாணவர் தம் படிப்பைத் தாமே வகுத்துக்கொள்ளும் முறைக்கு நம் ஊரிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. 1943 டிசம்பர் 2-ல் சுமார் இருபது பிள்ளைகளோடு தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி இன்று சர்வதேசக் கல்வி மையமாக இருக்கிறது. அங்கே பட்டம், சான்றிதழ் எதுவும் தருவதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் பல துறை ஆசிரியர்களும் நூலகமும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. ஒரு வீட்டில் அத்தனையும் கிடையாது. எனவே நாமே திட்டமிடுவதை ஒரு பாடத்தில் தொடங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதற்கு விஞ்ஞானத்தைவிட வசதியான பாடம் எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் வேறு கதை. 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயது நிறைந்தவர்கள் பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அதற்கும் அச்சிட்ட பாடத்திட்டம் உண்டு. கேள்விகளும் அதிலிருந்துதான் வரும். ஆகவே மூத்தவன் அந்தப் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தே ஆகவேண்டும். சின்னவர்கள் இருவருக்கும் அந்த அவசரம் இன்னும் சில ஆண்டுகளுக்கு இல்லை.