கரையில இறங்கவும் ஒரு ஐசி

புளியங்குளத்துப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையைப் பற்றி ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தையில ஆமிக்கு ஒருக்கா, புளியங்குளத்தில இயக்கத்துக்கு ஒருக்கா என்று இறங்கி ஏறித்தான் எங்கட அம்மா அப்பாக்கள் ஊர் வந்து சேர்ந்தவை. அட்டை என்றால் நாங்கள் ஆர் என்று இன்னொருத்தருக்கு நிரூபிக்கிற சாமான். அது திருப்பி எங்களுக்கு எதையாவது தரும் என்று நினைச்சுப் பழக்கமில்லை.

கப்பல் வேலைக்கு அலையிற நண்பன் ஒருத்தன், "கடலோடிக்கும் பயோமெட்ரிக் காட்டாம்" என்றான். "கடலிலயும் சென்றியா?" என்று சிரிச்சேன். பிறகு அந்தச் சட்டத்தைத் தேடி வாசிச்சேன். சிரிப்பு நின்றுபோச்சு.

சர்வதேச தொழில் தாபனத்தின் 185 ஆம் இலக்க சமவாயம் 2003 இல் நிறைவேறியது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு துறைமுகங்கள் கடலோடியைச் சந்தேகத்தோட பார்த்த காலம் அது. 1958 ஆம் ஆண்டின் பழைய சமவாயத்தைத் திருத்தி ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். கடலோடி தன்ர விரலடையாளத்தைக் கொடுப்பான். பதிலுக்கு, கப்பல் நிற்கிற நேரம் கரையில இறங்கி நடக்க அவனிட்ட விசா கேட்கக் கூடாது. 2016 இல் விரலடையாளத்துக்குப் பதிலாக, இலத்திரனியல் கடவுச்சீட்டில் உள்ளது போன்ற முகப்படச் சிப் என்று மாற்றினார்கள்.

கொடுக்கிற பக்கம் ஒழுங்காக நடக்குது. இந்தியா 2019 இல் இந்த முகப்பதிவு அட்டையை உலகிலேயே முதலில் வழங்கும் நாடு என்று பெருமையாக அறிவித்தது. வாங்குகிற பக்கம்? அமெரிக்கா இந்தச் சமவாயத்தை ஏற்கவே இல்லை. அங்க இறங்க இன்னும் விசா வேணும். 2020 கொரோனாக் காலத்தில், ஒப்பந்தம் முடிஞ்சும் வீடு போக ஏலாமல் ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். அவர்களிட்ட ஆவணம் இல்லாமலா?

"சிப்பும் மெசினும் சரியாக இருந்தால் நியமம் நிறைவேறிவிட்டது" என்று சொல்லுறவை சமவாயத்தின்ர மிச்சத்தையும் வாசிக்க வேணும். அட்டை கடலோடியின் கையிலேயே இருக்க வேண்டும். அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் கப்டன் பாதுகாப்புக்கு வைத்திருக்கலாம். கண்ணால வாசிக்க ஏலாத தகவலை அவரே பார்க்க இயந்திர வசதி வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். இதில ஒன்றையாவது எங்கட பெடியளுக்குத் தமிழில ஆர் சொன்னவை? என்ர நண்பன்ர பாஸ்போட்டையும் சான்றிதழ்களையும் ஒரு ஏஜென்ற், "பத்திரமாக இருக்கட்டும் தம்பி" என்று வாங்கி ஐந்து மாதம் வைச்சிருந்தார். அது பிழை என்றுகூட இவனுக்குத் தெரியாது. வணிகக் கப்பற்றுறைச் செயலகம் இருக்கிறது கொழும்பில. எங்கட சந்தியில இருந்து 250 கிலோமீற்றருக்கு மேல.

இன்னொன்று. வர்த்தக மீன்பிடிக்கும் இந்தச் சமவாயத்தை விரிக்கலாம் என்று முதலாம் உறுப்புரையே சொல்லுது. ஆனால் படகு உரிமையாளரையும் படகில வேலை செய்யிறவரையும் முதலில் கலந்தாலோசிக்க வேண்டும். முல்லைத்தீவில காலையில போய்ப் பின்னேரம் திரும்புற படகுக்கு இது உடன தேவைப்படாது. ஆழ்கடலில கிழமைக்கணக்கில கிடக்கிற பலநாள் கலத்தில வேலை செய்யிறவனுக்குத் தேவைப்படலாம். வேணுமா வேண்டாமா என்று அவனிட்டத்தான் கேட்க வேணும். கேட்காமல் குடுத்தால் அது திரும்பவும் சென்றிக் காட்தான்.

கலைப்பீடத்தில படிக்கிறவளுக்குக் கப்பலில என்ன வேலை என்று கேட்பியள். அட்டை காட்டி வளர்ந்த ஊர்க்காரி என்ற உரிமை போதும். விண்ணப்பமும் மேன்முறையீடும் தமிழில வரட்டும். வடக்கிலேயே விண்ணப்பிக்க ஒரு இடம் இருக்கட்டும். ஆவணத்தைப் பிடிச்சு வைக்கிற ஏஜென்ற்றுக்குத் தண்டனை இருக்கட்டும். "ஐசியைக் காட்டு" என்று கேட்டே பழகின அரசிட்ட, இந்த முறை நாங்கள் கேட்பம்: அதுக்குப் பதிலாத் தாறன் எண்டதை நீ காட்டு.